முதியோருக்கு நாடி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு எடுக்கும் இசிஜியில்தான் பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதே முதல்முறையாகத் தெரியவருகிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. ரத்தம் முழுதாக வெளியேறாமல் தேங்கும். குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. அதற்குள் தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி கழன்று மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். அப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும் அளவுக்குக் கடுமையானது.

இதைத் தடுக்க மருந்து இருக்கிறது என்பதால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. ஆனால் ஏஎஃப் இருப்பது தெரிந்தால்தானே மாத்திரை? பாதிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. தெரிந்தாலும் 'நெஞ்சு படபடன்னு அடிக்குது', 'நாலு படி ஏறினா மூச்சு வாங்குது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் வயசாகிவிட்டது என்பார்கள், இல்லையென்றால் வாயு என்பார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள், செவிலியர் மாணவிகள், என்எஸ்எஸ் பிள்ளைகள், மூத்த குடிமக்கள் சங்கத்தில் முகாம் நடத்த நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏஎஃப் உள்ளவரின் நாடி பெரும்பாலும் தாறுமாறாக ஓடும், மணிக்கட்டைத் தொட்டே அதைச் சந்தேகிக்கலாம். நாடி பார்க்க ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. கடினமான வேலை அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முதல் வேலை: போகும் வழியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ஒருவர் கையைக்கூடத் தொடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். நாடி சீராக இல்லை என்று நீங்கள் சொன்ன ஆள் அடுத்து எங்கே போவார், யாரைப் பார்ப்பார், எத்தனை நாளில் பார்ப்பார்? இதற்குப் பதில் இல்லாமல் முகாம் போடக் கூடாது என்பது என் கறாரான கருத்து. நோய்க் கண்டறிதல் முகாம்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வில்சன், யுங்னர் என்ற இருவர் 1968ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய விதிகளிலேயே, கண்டறிந்தவருக்கு உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது இடம்பெற்றிருக்கிறது. அந்த வசதி இல்லாமல் ஒரு பாட்டியிடம் 'உங்க நாடி சரியில்ல' என்று சொல்லிவிட்டு வந்தால், அவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

எனவே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போங்கள். இசிஜி மிஷின் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வேலை செய்கிறதா, பேப்பர் ரோல் இருக்கிறதா, எடுக்கத் தெரிந்த செவிலியர் எந்தெந்த நாளில் இருப்பார், எடுத்ததை யார் பார்த்துச் சொல்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் தாலுகா ஆஸ்பத்திரி. இதய மருத்துவரோ பொது மருத்துவரோ மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தக் கிழமை புறநோயாளிகளைப் பார்க்கிறார், பஸ் எத்தனை மணிக்கு என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, நீங்கள் அனுப்பும் சீட்டை அவர் அடையாளம் காணும்படி செய்துவிட்டால் முதியவர் வரிசையில் அலைய வேண்டியதில்லை.

மருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே விசாரியுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டும் விலை மலிவு, ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தப் பரிசோதனை எவ்வளவு தூரத்தில் செய்கிறார்கள்? அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. 2019ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்த வகை சேர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் எது இருக்கிறது என்று கேளுங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ஆகியவற்றிலும் விலை விசாரித்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். பின்னால் 'மாத்திரை விலை கட்டாதும்மா' என்று யாராவது சொல்லும்போது அந்தத் தாள் உதவும்.

யாரைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது

65 வயது தாண்டியவர்கள் எல்லோரையும். ஐரோப்பிய இதயவியல் கழகம் சொல்லும் வயதும் இதுதான்: வேறு எதற்காக மருத்துவரிடம் வந்தாலும் 65க்கு மேற்பட்டவர் என்றால் நாடியையும் பார்த்துவிடு என்கிறது. 75ஐத் தாண்டியவர், பிரஷர், சுகர் உள்ளவர், இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர், ஏற்கெனவே பக்கவாதமோ, வந்து உடனே சரியான லேசான பக்கவாதமோ கண்டவர் ஆகியோரைத் தவறவே விடக் கூடாது. அதிகமாகச் சுரக்கும் தைராய்டும், பல வருடக் குடியும், மூச்சு நின்று நின்று வரும் பலத்த குறட்டையும் ஏஎஃப்புக்குக் காரணமாகலாம்.

நம் நாட்டுக்கென்று இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போனவர்கள் இங்கே இன்னும் நிறைய இருக்கிறார்கள், பெண்கள் அதிகம். இவர்களுக்கு 40, 50 வயதிலேயே ஏஎஃப் வந்துவிடும். 'சின்ன வயசுல வால்வுல சுருக்கம்னு சொன்னாங்க', 'மாசாமாசம் இடுப்புல ஊசி போட்டாங்க' என்று ஒரு அக்கா சொன்னால், வயதைப் பார்க்காமல் நாடியைப் பாருங்கள். அந்த விவரத்தைச் சீட்டில் பெரிதாக எழுதுங்கள். வால்வுச் சுருக்கம் உள்ளவருக்கு மருந்தே வேறு: 2022ல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் வால்வு நோயோடு ஏஎஃப் உள்ளவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகைதான் நல்ல பலன் தந்தது. நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி மருத்துவரின் முடிவை மாற்றும்.

இடத்தைப் பொறுத்தவரை, தனியாக முகாம் போட்டு மைக் வைத்து ஆள் சேர்ப்பதைவிட, முதியவர்கள் ஏற்கெனவே வரும் இடத்துக்கு நாம் போவது மேல். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த சேஃப் என்ற ஆய்வில் இதைச் சோதித்தார்கள். கடிதம் போட்டு எல்லோரையும் இசிஜிக்கு அழைத்த குழுவிலும், மருத்துவரிடம் வந்தபோது நாடி பார்த்து, சந்தேகப்பட்டவருக்கு மட்டும் இசிஜி எடுத்த குழுவிலும் புதிதாகக் கண்டுபிடித்தவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு இது நல்ல செய்தி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். கை ஏற்கெனவே நீட்டியாகிவிட்டது; இன்னும் ஒரு நிமிடம் சேர்த்தால் போதும். ஓய்வூதியர்கள் வங்கிக்கு வரும் நாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச், பூங்காவில் காலை நடைக்கு வருபவர்கள் என்று மற்ற இடங்களும் சரிதான். ரேஷன் கடை வரிசையில் மட்டும் நின்றபடியே பார்க்காதீர்கள். வெயிலில் நின்று, மூட்டை தூக்கி வந்தவரின் நாடி எப்படியும் ஓடும். நாற்காலி போட முடிந்தால் பாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள்.

நாடி பார்ப்பது

முதலில் உட்காரவையுங்கள், 5 நிமிடம் சும்மா இருக்கட்டும். அதற்குள் பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கேட்டு எழுதிவிடலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அது நாடியைச் சீராக்கிக் காட்டி உள்ளே இருக்கும் ஏஎஃப்பை மறைத்துவிடும். டயாலிசிஸ் செய்பவரா? ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையைத் தொடாமல் மறு கையைக் கேளுங்கள். அப்புறம் வளையலையும் கோயில் கயிறையும் முழங்கைப் பக்கம் கொஞ்சம் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

உள்ளங்கை மேலே பார்க்க, கை மடியிலோ மேசையிலோ தளர்வாகக் கிடக்க வேண்டும். அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் உங்கள் கையும் ஆடும், அவர் கையும் ஆடும். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு வாருங்கள். வெளிப்பக்கம் ஒரு எலும்பு தட்டுப்படும், உள்பக்கம் கயிறு போலத் தசைநாண் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வையுங்கள். கட்டைவிரலை வைக்கக் கூடாது, உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். அழுத்தினால் துடிப்பு மறையும், பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தினால் துடிப்பு தெளிவாக எழும் இடம் ஒன்று கிடைக்கும். அங்கேயே நிறுத்துங்கள். கிடைக்கவில்லையென்றால் மறு கை. கழுத்தில் தேடுவதைத் தவிர்த்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் கழுத்தை அழுத்துவது ஆபத்து.

இப்போது முழு 60 விநாடி. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தை இந்த வேலையில் அடியோடு மறந்துவிடுங்கள். எண்ணிக்கை நமக்கு இரண்டாம்பட்சம். ஏஎஃப் உள்ளவருக்கு நாடி 76 என்றுகூட இருக்கலாம், அதுவும் இதயத்துடிப்பைக் குறைக்கும் அட்டினலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால். நாம் தேடுவது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்பதை. விநாடி முள் உள்ள வாட்சைப் பார்த்துக்கொண்டே, துடிப்புக்கு ஏற்றபடி உங்கள் கால்விரலைத் தரையில் தட்டிப்பாருங்கள். அடுத்த துடிப்பு வரும் நேரத்தைக் கால் தானாகவே ஊகிக்கும். ஊகம் தொடர்ந்து தப்பிக்கொண்டே இருந்தால் கவனியுங்கள். அந்த ஒரு நிமிடம் நீங்களும் பேசக் கூடாது, அவரையும் பேசவிடக் கூடாது. பேத்தி கல்யாணப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று விதமாக நாடி கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சீராக இருக்கும். சிலருக்குச் சீரான ஓட்டத்தின் நடுவே எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொள்ளும் அல்லது விட்டுப்போகும், உடனே பழைய ஓட்டம் திரும்பிவிடும். இது வயதானவர்களிடம் சாதாரணம். மூன்றாவது வகையில் ஓட்டம் என்று ஒன்றே இருக்காது. புதிதாகத் தையல் பழகுபவர் மிஷின் மிதிப்பது போல, இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று ஓங்கி, அடுத்தது விரலுக்கு எட்டாத அளவு மெலிதாக வரும். ஏஎஃப் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில் இருக்கிறது. இரண்டாவதா மூன்றாவதா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு நிமிடம் பாருங்கள். அப்போதும் தெளியவில்லையென்றால் மூன்றாவதாகவே வைத்து இசிஜிக்கு அனுப்புங்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது கஷ்டம், தொட்டால் உடனே விளங்கும். பயிற்சியின்போது மருத்துவரிடம் கேட்டு, ஏஎஃப் இருப்பது உறுதியான ஒருவரின் கையை அவருடைய சம்மதத்தோடு பிடித்துப்பாருங்கள். ஒருமுறை தொட்ட விரல் மறக்காது. மாதிரி நோயாளி இல்லாமல் வெறும் பவர்பாயின்ட் காட்டி அனுப்பும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்களோடு ஸ்டெதஸ்கோப் வைத்த செவிலியர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒருவர் மார்பில் கேட்டு எண்ண, இன்னொருவர் அதே நிமிடம் மணிக்கட்டில் எண்ணுங்கள். ஏஎஃப்பில் சில துடிப்புகள் கை வரை வந்து சேராது. மார்பில் 110 கேட்கும்போது மணிக்கட்டில் 90தான் கிடைக்கலாம். இரண்டையும் எழுதுங்கள்.

மிஷின்கள் பற்றி

பிபி மிஷின்களில் பல, நாடி சீராக இல்லாவிட்டால் திரையில் ஒரு குறியைக் காட்டும். அந்தக் குறி வந்தால் நாடியைக் கையால் பாருங்கள், அவ்வளவுதான். ஏஎஃப்பைக் கண்டறியவே தனியாகச் சோதிக்கப்பட்ட மிஷின்களும் உண்டு. இங்கிலாந்தில் 2013லேயே அப்படி ஒன்றை அரசு வழிகாட்டு அமைப்பு பரிந்துரைத்தது. சாதாரணக் குறி அதற்குச் சமம் ஆகாது. இன்னொன்று, நாடி தாறுமாறாக இருப்பவருக்குத் தானியங்கி மிஷின் காட்டும் பிபியும் ஒவ்வொரு தடவையும் மாறும். மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் எண் குதித்துக்கொண்டே இருப்பதும் ஒரு துப்புதான், ஆதாரம் இல்லை.

கையடக்க இசிஜி கருவி கிடைத்தால் நல்லது. இரண்டு கை விரல்களையும் தகடுகளில் வைத்தால் 30 விநாடியில் ஒரு கோட்டு இசிஜி செல்போனில் வந்துவிடும். குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் கிராம சுகாதாரப் பணியாளர்களே இதை வைத்து வீடுவீடாகப் பார்த்திருக்கிறார்கள். சிட்னியில் மருந்துக்கடைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 1000 பேரை மருந்தாளுநர்கள் இப்படிச் சோதித்தபோது, அதுவரை தெரியாத ஏஎஃப் 100க்கு ஒன்றரைப் பேருக்கு இருந்தது. ஆகவே இது நடக்கக்கூடிய காரியம்தான்.

நம் ஊர் விரல்களில் வரும் சிக்கல் வேறு. வயலிலும் சித்தாள் வேலையிலும் காய்த்துப்போன விரல் வறண்டிருக்கும். கோடு வரவே வராது அல்லது பூச்சி பறப்பது போலக் கிறுக்கும். ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள். தேங்காயெண்ணெய் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முழங்கைகள் மேசையில் ஊன்றியிருக்கட்டும். கை நடுக்கம் உள்ளவருக்குத் தலையணை கொடுங்கள். ஓடும் மோட்டார், சார்ஜில் போட்ட போன் பக்கத்தில் வேண்டாம். தகட்டை அமுக்கிப் பிடிக்கச் சொன்னால் தசை இறுகிக் கோடு கெடும், மெதுவாகத் தொட்டிருந்தால் போதும்.

கருவி 'நார்மல்' என்றோ 'ஏஎஃப் ஆக இருக்கலாம்' என்றோ 'வகைப்படுத்த முடியவில்லை' என்றோ சொல்லும். இதில் எதுவும் இறுதித் தீர்ப்பு இல்லை. குறைந்தது 30 விநாடி நீளும் ஒரு கோட்டு இசிஜியிலோ, முழு 12 கோட்டு இசிஜியிலோ ஏஎஃப்புக்கு உரிய அடையாளங்களை ஒரு மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் அது ஏஎஃப். வகைப்படுத்த முடியாதது என்று வந்ததை நல்லது என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. விரலைத் துடைத்து மறுபடி எடுங்கள், அப்படியும் வந்தால் மருத்துவருக்கு அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வாட்சைக் கட்டிக்கொண்டு வரும் தாத்தாக்கள் இப்போது அதிகம். வாட்ச் எச்சரித்தது என்றால் அலட்சியம் செய்யாமல் இசிஜிக்கு அனுப்புங்கள். வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நாடி பார்க்காமல் விடாதீர்கள்.

கருவிக்குப் பணம் திரட்டிய பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். விரலால் நாடி பார்க்கும் முறை, ஏஎஃப் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிடித்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதன் குறை எதிர்த்திசையில்: ஏஎஃப் இல்லாதவர்களிலும் 100க்கு 20 முதல் 30 பேரை வீணாகச் சந்தேகிக்கும். அதனால்தான் இசிஜி வழியை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

எப்போது நாடி பார்ப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்

நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், குளிர்ந்து வியர்த்தல் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே. நாடி 120க்கு மேலே ஓய்வுக்குப் பிறகும் இறங்காமல் இருந்தாலோ 40க்குக் கீழே இருந்தாலோ மருத்துவ அலுவலரை அப்போதே போனில் கூப்பிடுங்கள். கூடவே மேலே சொன்ன தொந்தரவு ஒன்று இருந்தால் 108தான். முகம் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல் தொய்ந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கேட்டு எழுதி ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே போகட்டும், பக்கத்துக் கிளினிக்கில் நேரம் போக்க வேண்டாம்.

சொல்லும் விதம்

நாடி சீராக இல்லை என்று தெரிந்த அடுத்த நொடி உங்கள் முகத்தைத்தான் அவர் பார்ப்பார். முகத்தைச் சுளிக்காமல், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டாமல், இப்படிச் சொல்லிப்பாருங்கள்:

'அம்மா, உங்க நாடி கொஞ்சம் ஏறுக்குமாறா ஓடுது. பல பேருக்கு இப்படி இருக்கும், எல்லாருக்கும் நோய்னு அர்த்தம் இல்ல. ஒரு இசிஜி எடுத்தா தெளிவாயிடும். வியாழக்கிழமை காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுக்கறாங்க, நானே கூட வர்றேன்.'

'அடைப்பா?' என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். நம் ஊரில் இதயம் என்றாலே அடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ். 'இது ஓட்டத்துல வர்ற கோளாறும்மா, அடைப்பு வேற' என்று சொல்லுங்கள். ஏஎஃப் என்ற பெயரை இசிஜி வரும்வரை சொல்ல வேண்டாம். தனியாக வாழ்பவர் என்றால் அவர் சம்மதத்தோடு மகனுக்கோ மகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒரு போன் போடுங்கள். அவருடைய பெயர் போட்ட இசிஜியை வாட்ஸ்ஆப் குழுவில் பகிராதீர்கள். பார்க்க வேண்டிய மருத்துவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

மாத்திரை விஷயத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரிடம் 'அதை நிறுத்துங்க' என்றும் சொல்லாதீர்கள், சாப்பிடாதவரிடம் 'ஒண்ணு போட்டுக்கோங்க' என்றும் சொல்லாதீர்கள். ஏஎஃப்பால் வரும் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் போதாது. 2011ல் வெளிவந்த அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராதவர்களுக்கு ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது, பெரிய ரத்தப்போக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. எதைக் கொடுப்பது என்பது மருத்துவரின் முடிவு. அந்த முடிவுக்கு அவருக்குத் தேவைப்படும் விவரங்களை நீங்கள் சீட்டிலேயே எழுதி அனுப்பலாம்: வயது, பிரஷர், சுகர், இதய பலவீனம், மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய், முன்பு வந்த பக்கவாதம். இவற்றுக்கு மதிப்பெண் போட்டுத்தான் மருந்து வேண்டுமா என்று பார்க்கிறார்கள். வயது 75 ஆகிவிட்டால் 2, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2, மற்றவற்றுக்கு 1. கூடவே, எங்காவது ரத்தப்போக்கு இருந்ததா, வயிற்றுப்புண் உண்டா, மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்பதையும்.

மருந்து தொடங்கிய பிறகு

பல முகாம்கள் அறுந்துபோகும் இடம் இது. இசிஜி எடுத்தாயிற்று, ஏஎஃப் உறுதி, மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டு மாதம் கழித்துப் போனால் டப்பா காலி. 'உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு?' என்பார்கள். மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. பக்கவாதம் வராமல் இருப்பதை யாராலும் உணர முடியாது. புதிய மாத்திரைகளை இரண்டு வேளை விட்டாலே பாதுகாப்பு குறைந்துவிடும். எனவே நோட்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: இசிஜி எடுத்தாரா, மருத்துவர் பார்த்தாரா, மருந்து தொடங்கியதா, ஒரு மாதம் மூன்று மாதம் கழித்தும் சாப்பிடுகிறாரா. எத்தனை பேருக்கு நாடி பார்த்தோம் என்று பேனர் போடுவதைவிட, கடைசிக் கட்டத்தில் எத்தனை டிக் விழுந்தது என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியம்.

வீட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டியவை: பல் துலக்கும்போது ரத்தம் நிற்காமல் வருகிறதா, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா, விழுந்து தலையில் அடிபட்டதா. இருந்தால் உடனே மருத்துவரிடம். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்று நினைவூட்டுங்கள். பல் பிடுங்கப் போனால் முதலிலேயே பல் மருத்துவரிடம் சொல்லட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களிடம் கீரையே தொடாதே என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும்.

இது பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு

கேட்பார்கள், கேட்பதும் நியாயம். ஸ்வீடனில் 75, 76 வயதினரை அழைத்து இரண்டு வாரம் தினமும் கையடக்க இசிஜி எடுக்கச் சொன்ன ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வு 2021ல் வந்தது. சுமார் 7 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் அழைக்கப்பட்ட குழுவுக்குச் சிறிய நன்மை இருந்தது. அதே ஆண்டு டென்மார்க்கில் தோலுக்கடியில் கருவி வைத்து இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்த லூப் ஆய்வில், ஏஎஃப் மூன்று மடங்கு அதிகம் அகப்பட்டும் பக்கவாதம் கவனிக்கத்தக்க அளவு குறையவில்லை. 2022ல் அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு, தொந்தரவு இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஐரோப்பியர்கள் நாடி பார் என்கிறார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எப்போதாவது சில நிமிடம் வந்துபோகும் ஏஎஃப்பைத் துருவித் தேடுவதில் பெரிய பலன் இல்லை, மணிக்கட்டைத் தொட்டாலே தெரியும் அளவுக்கு நிலைத்துவிட்ட ஏஎஃப்பை விட்டுவிடுவது தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் கிராமங்களிலும் வார்டுகளிலும் அந்த இரண்டாவது வகையே யாரும் தொடாமல் கிடக்கிறது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் 65 தாண்டிய 100 பேரை ஒருமுறை பார்த்தால் புதிதாகக் கிடைத்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். உங்கள் முதல் முகாமில் ஒருவர்கூட அகப்படாமல் போகலாம். இசிஜி நார்மல் என்று வந்தவர்களின் பெயரையும் நோட்டிலிருந்து அடிக்காதீர்கள். ஏஎஃப் வந்து வந்து போகக்கூடியது. அடுத்த முறை பிபி பார்க்கப் போகும்போது அவர்களுக்கும் முழு ஒரு நிமிடம் நாடி பாருங்கள். படபடப்பு வரும் நேரத்தில் அவர்களே வந்து இசிஜி எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தையும் உங்கள் போன் நம்பரையும் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, அவர்களுடைய மாத்திரை டப்பாவுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.